சொல்லிக்கொடுப்பவருக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு ‘அ, ஆ’ சொல்லிக்கொடுக்க ஒருவர் என்ன படித்திருக்க வேண்டும்? பிளஸ் டூ முடித்து, 2 ஆண்டு தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு படித்திருக்க வேண்டும். அதன்பிறகு ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேற வேண்டும். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு இதுதான் விதி. வேலைக்குச் சேர்ந்த பின்பும் பணியிடைப் பயிற்சி உண்டு. வட்டார வள மையத்துக்குப் போக வேண்டும், புதிய முறைகளைக் கற்றுவர வேண்டும். குழந்தையின் படிப்பு அவ்வளவு முக்கியம் என்று அரசு நினைக்கிறது. நினைப்பதும் சரிதான்.

அதே ஊரில் 55 வயது அம்மா ஒருவர் இருக்கிறார். நாள் முழுக்கக் களை எடுத்துவிட்டு, சோறாக்கி வைத்துவிட்டு, இரவு ஏழு மணிக்கு முதன்முறையாகப் பென்சில் பிடிக்க உட்காருகிறார். அவருக்கு அதே ‘அ, ஆ’வைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் என்ன படித்திருக்க வேண்டும்? எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், மனம் இருந்தால் போதும். சம்பளம் கிடையாது. பயிற்சியின் பெரும்பகுதி செல்போனில் வரும் காணொலி. ஆசிரியர் என்ற பெயர்கூட அவருக்குக் கிடையாது. அவர் ‘தன்னார்வலர்’.

இந்த இரண்டு ஏற்பாட்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. வயதுவந்தோர் கல்வி பற்றிய பேச்செல்லாம் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. சொல்லிக்கொடுத்தவர் யார், அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், அடுத்த ஆண்டு அவர் இருப்பாரா என்று கேட்க ஆளில்லை. இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

இது ஏன் நம் பிரச்சினை?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு விகிதம் 80 சதவீதம். பட்டியல் சாதியினரை மட்டும் தனியாக எடுத்தால் அது 73 சதவீதமாக இறங்குகிறது. பட்டியல் சாதிப் பெண்களை எடுத்தால் ஏறத்தாழ 66 சதவீதம். அதாவது, ஏழு வயதுக்கு மேற்பட்ட நம் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு அன்று எழுதப் படிக்கத் தெரியாது. பிள்ளைகள் இன்று பள்ளிக்குப் போகிறார்கள், கல்லூரிக்கும் போகிறார்கள். ஆகவே மிச்சம் இருப்பவர்கள் யார் என்பது தெளிவு. அவர்களுடைய அம்மாக்கள், ஆயாக்கள், தாத்தாக்கள்.

‘அந்தத் தலைமுறை போய்விட்டால் கணக்கு தானாக நேராகிவிடும்’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கக் கூசும் வாதம் இது. ஒருவர் செத்த பிறகு வரும் எழுத்தறிவு யாருக்கு? இன்றைக்கு அவர் கையெழுத்துப் போட வேண்டிய தாள்கள் எத்தனை! கூலி வேலை அட்டை, ரேஷன் கடை பில், மகளிர் குழுக் கடன் பத்திரம், நுண்கடன் நிறுவனத்தின் தவணை அட்டை, முதியோர் உதவித்தொகை விண்ணப்பம், மருத்துவமனைச் சீட்டு.

இன்னொரு தாளும் உண்டு. வன்கொடுமை நடந்தால் காவல் நிலையத்தில் எழுதப்படும் முதல் தகவல் அறிக்கை. வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதிய பிறகு சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாசித்துக் காட்டியது ஒன்று, எழுதியிருப்பது வேறொன்று என்றால் அதைக் கண்டுபிடிக்கப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியது அந்தத் தாளில் இருக்கிறதா இல்லையா என்பதில் ஒரு வழக்கே மாறிப்போகும்.

1892-ல் வந்த அரசாணையின் வழியாக நம் முன்னோருக்குக் கிடைத்த பஞ்சமி நிலங்கள் எப்படிக் கைமாறின என்று மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பல ஊர்களில் கதை ஒன்றுதான். கடனுக்கு என்று சொல்லி வாங்கிய கைநாட்டு, கிரயப் பத்திரத்தில் போய் உட்கார்ந்தது. கைநாட்டை வெட்கமாக மட்டும் பார்க்கிறோம். அது நிலம் போன வழியும்கூட.

50 ரூபாயிலிருந்து பூஜ்யத்துக்கு

சொல்லிக்கொடுப்பவரை அரசு எப்படி நடத்தியது என்ற வரலாறு சுருக்கமானது.

1978 அக்டோபர் 2-ல் தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் தொடங்கியது. 15 முதல் 35 வயது வரை உள்ள 10 கோடிப் பேருக்கு எழுத்தறிவு தருவது இலக்கு. மையம் நடத்தியவருக்கு மாதம் 50 ரூபாய் மதிப்பூதியம். 1988-ல் தேசிய எழுத்தறிவு இயக்கம் வந்தது. மாவட்டம் முழுவதையும் ஒரே சமயத்தில் கிளப்பும் முழு எழுத்தறிவு இயக்கங்கள் அதன்கீழ் நடந்தன. நம் மாநிலத்தில் அதன் பெயர் அறிவொளி இயக்கம். சொல்லிக்கொடுத்தவர்கள் அனைவரும் ஊதியமில்லாத தொண்டர்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி செய்தது சின்ன விஷயமல்ல. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தும், அறிவியல் இயக்கத் தோழர்களும், ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் சேர்ந்து அதை நடத்தினார்கள். தெருநாடகமும் பாட்டும் எழுத்தோடு சேர்ந்து வந்தன. கல்குவாரியில் வேலை செய்த பெண்கள் படித்தார்கள். பெண்கள் கூட்டங்கூட்டமாக சைக்கிள் கற்றார்கள். எழுத்து ஒரு பெண்ணுக்குத் தைரியத்தையும் தரும் என்று ஊரே பார்த்த காலம் அது.

அந்தத் தொண்டர்களுக்குப் பயிற்சி இருந்தது. முதன்மைக் கருத்தாளர் கருத்தாளருக்குச் சொல்வார், அவர் அடுத்த நிலைப் பயிற்றுநருக்குச் சொல்வார், அவர் தொண்டருக்குச் சொல்வார். மேல்மடையில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வரும்போது எவ்வளவு மிஞ்சும் என்று விவசாயக் கூலிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அலை ஓய்ந்ததும் தொண்டர்கள் கலைந்தார்கள். அவர்கள் கற்ற வித்தை எந்த ஏட்டிலும் ஏறவில்லை. இவர்கள் ஆசிரியர்களாக வளர ஒரு வழி வேண்டும் என்று எந்தக் கொள்கையும் எழுதப்படவில்லை.

2009 செப்டம்பர் 8-ல் ‘சாக்‌ஷர் பாரத்’ வந்தது. 7 கோடிப் பேர் இலக்கு. அதில் 6 கோடி பெண்கள், 1 கோடியே 40 லட்சம் பட்டியல் சாதியினர். ஊராட்சிக்கு இரண்டு ஊக்குநர்கள், ஒவ்வொருவருக்கும் மாதம் 2,000 ரூபாய். உட்கார்ந்து கற்பித்த தொண்டருக்கு அப்போதும் ஒன்றுமில்லை. 2018 மார்ச்சில் அந்தத் திட்டமும் முடிந்தது. ஊக்குநர்களாக இருந்தவர்கள் தங்கள் அனுபவத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

இப்போது நடப்பது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். 2022 முதல் 2027 வரை ஐந்து ஆண்டுகளுக்கு மொத்தம் 1,037.90 கோடி ரூபாய். ஐந்து ஆண்டில் 5 கோடிப் பேருக்கு எழுத்தும் எண்ணும் தர வேண்டும். வகுத்துப் பாருங்கள். ஒருவருக்கு ஏறத்தாழ 207 ரூபாய் வருகிறது. புத்தகம், தேர்வு, நிர்வாகம், பயிற்சி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். ஆகவேதான் ‘தன்னார்வம்’ என்ற சொல் இந்தத் திட்டத்துக்கு அவ்வளவு தேவைப்படுகிறது.

நம் மாநிலத்தில் இன்னொரு முன்மாதிரி இருக்கிறது. 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் பிள்ளைகளுக்கு மாலையில் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரப்பட்டது. போதாத தொகைதான். ஆனாலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு மதிப்பூதியம் உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். பிள்ளைகளின் தாய்க்குச் சொல்லிக்கொடுப்பது மட்டும் ஏன் தர்ம காரியமாகவே இருக்க வேண்டும்?

பயிற்சி இல்லாவிட்டால் என்ன ஆகும்?

‘எழுதப் படிக்கத் தெரிந்தவர் சொல்லிக்கொடுக்க மாட்டாரா? இதற்குப் பயிற்சி எதற்கு?’ என்று கேட்கலாம். வகுப்பில் நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதல் விஷயம், கூப்பிடுவது. நம் ஊர்களில் சேரிப் பெரியவரை ஊர்த்தெருச் சிறுவன் பெயர் சொல்லி ‘வா, போ’ என்று அழைக்கும் வழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. அந்தத் தெருவில் வளர்ந்த 19 வயதுக் கல்லூரி மாணவர் நல்ல மனதோடுதான் தன்னார்வலராக வருகிறார். ஆனால் வாயில் பழகியது தானாக வருகிறது. 60 வயது அம்மாவைப் பார்த்து ‘நீ எழுது’ என்கிறார். அந்த அம்மா அடுத்த நாள் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் ‘ஆர்வமின்மை’ என்று காரணம் எழுதப்படும். பெரியம்மா, அத்தை, ஐயா, ‘நீங்க’ என்று அழைக்க வேண்டும் என்பதை ஒரு பயிற்சியில் உட்கார வைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னால் மட்டும் போதாது, பழக்க வேண்டியிருக்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. காலனியிலிருந்து படித்து வந்த இளம்பெண் சொல்லிக்கொடுக்கிறார் என்றால் ஊர்த்தெருப் பெண்கள் அவர்முன் உட்கார வருவார்களா? வராவிட்டால் அவர் என்ன செய்ய வேண்டும்? யாரிடம் புகார் சொல்ல வேண்டும்? மையத்தை எங்கே வைப்பது? ஊர்த்தெருப் பள்ளியில் வைத்தால் சேரிப் பெண்கள் இருட்டில் அங்கே போய்த் திரும்ப வேண்டும். காலனியில் வைத்தால் மற்றவர்கள் வர மறுப்பார்கள். இதைச் சமாளிக்கும் வழியை அந்த இளம்பெண் தனியாகவே கண்டுபிடிக்க வேண்டும் என்று விட்டுவிடுவது அநியாயம்.

இரண்டாவது, கண். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வருவது இயற்கை. புத்தகத்தை எட்டப் பிடித்தபடி, எழுத்து தெரியாமல், ‘எனக்கு மண்டையில ஏறல’ என்று அவர்களே தங்களைக் குறை சொல்லிக்கொள்வார்கள். பயிற்சி பெற்றவர் முதல் வாரத்திலேயே அதைக் கவனிப்பார், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார், கண்ணாடிக்கு வழி செய்வார். பயிற்சி இல்லாதவர் அதே எழுத்தைப் பத்துமுறை சொல்லிவிட்டுச் சலித்துக்கொள்வார்.

மூன்றாவது, கை. 40 ஆண்டுகளாக அரிவாளும் மண்வெட்டியும் பிடித்த கை பென்சிலை அழுத்திப் பிடிக்கும். முனை உடையும், தாள் கிழியும். தரையில் சாக்கட்டியால் பெரிதாக எழுதவிட்டு, பிறகு சிலேட்டு, பிறகு தாள் என்று போக வேண்டும். இது கற்றுத் தெரிந்துகொள்ள வேண்டிய முறை.

நான்காவது, கணக்கு. இரட்டைக்கோட்டு நோட்டில் ‘1, 2, 3’ எழுதத் தெரியாத ஆயா, எட்டு ஆள் கூலியை மனக்கணக்காகப் பிரித்துக் கொடுப்பார். படி, மரக்கால், மூட்டைக் கணக்கு அவருக்கு அத்துப்படி. வாரவட்டி எவ்வளவு ஏறியது என்று பைசா சுத்தமாகச் சொல்வார். அவருக்குத் தெரியாதது கணக்கல்ல, கணக்கை எழுதும் குறி. அவருக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கினால் வேகமாகப் போவார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல் விரல் விட்டு எண்ணச் சொன்னால் எழுந்து போய்விடுவார்.

ஐந்தாவது, சொல். அணிலும் ஆடும் குழந்தைக்குச் சரி. காலனி வீட்டுக்குப் பட்டா கேட்டு மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பெண்ணுக்கு ‘பட்டா’ என்ற மூன்றெழுத்தை வைத்துத் தொடங்கிப் பாருங்கள். ‘ப’ வந்துவிடும், ‘ட்’ வந்துவிடும், ‘டா’ வந்துவிடும். அதோடு, பட்டா யார் பெயரில் இருக்கிறது, ஏன் இன்னும் வரவில்லை என்ற பேச்சும் வந்துவிடும். கூலி, ரேஷன், வட்டி, தண்ணீர், சுடுகாட்டுப் பாதை என்று அடுத்தடுத்த பாடங்கள் ஊரிலேயே கிடக்கின்றன. மக்களின் வாழ்க்கையில் கனக்கும் சொற்களைக் கேட்டு எடுத்து, அதிலிருந்து பாடம் கட்டும் இந்த முறையைப் பிரேசில் நாட்டின் பாவ்லோ ஃப்ரெய்ரே உலகத்துக்குக் காட்டினார். 1963-ல் ஆங்கிகோஸ் என்ற ஊரில் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அவருடைய முயற்சி புகழ்பெற்றது. அந்த 40 மணி நேரத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அங்கே கற்பித்த மாணவர்கள் வகுப்புக்குப் போகும்முன் பயிற்சி பெற்றார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அழகுக்கலை நிலையத்திலிருந்து வந்த ஆசிரியை

பட்டம் பெற்றவர்தான் பெரியவர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் அனுபவம் நமக்கு வேறு ஒன்றைச் சொல்கிறது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர் ஓட்டுப் போடப் பதிவு செய்ய வேண்டுமானால் அரசமைப்புச் சட்டத்தின் பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்தார்கள். படிக்க விடாமல் தடுத்துவிட்டு, படிக்கத் தெரியாததைக் காட்டி ஓட்டையும் பறித்தார்கள். தென் கரோலினாவில் செப்டிமா கிளார்க் என்ற கறுப்பினப் பள்ளி ஆசிரியை இருந்தார். கறுப்பின உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தார் என்பதற்காக 1956-ல் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

அடுத்த ஆண்டு, 1957-ல், அந்த மாநிலத்தின் ஜான்ஸ் தீவில் பெரியவர்களுக்கான ‘குடியுரிமைப் பள்ளி’ தொடங்கியது. ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறைதான் வகுப்பு. முதல் ஆசிரியையாக கிளார்க் தேர்ந்தெடுத்தது பெர்னிஸ் ராபின்சன் என்ற பெண்ணை. அவர் அழகுக்கலை நிலையம் நடத்தியவர், ஆசிரியர் வேலை பார்த்ததில்லை. மக்களை மதிக்கத் தெரிந்தவர், மக்கள் கூச்சமில்லாமல் பேசக்கூடியவர் என்பதே அவருடைய தகுதி. சின்னப் பிள்ளைகளின் பாடப் பொருள்களோடு வகுப்புக்குப் போன ராபின்சன், அது இவர்களுக்குப் பொருந்தாது என்று பார்த்ததும் ஒதுக்கி வைத்தார். உங்களுக்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்டார். பெயர் எழுத வேண்டும், பிள்ளைகள் போடும் கடிதத்தைப் படிக்க வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், ஓட்டுப் பதிவுக்குப் போக வேண்டும் என்றார்கள். அதுவே பாடத்திட்டம் ஆனது.

கதை அதோடு முடியவில்லை. ராபின்சன் போன்றவர்களை நூற்றுக்கணக்கில் உருவாக்க கிளார்க் பயிற்சி ஏற்பாடு செய்தார். 1961 முதல் மார்ட்டின் லூதர் கிங் தலைமை தாங்கிய அமைப்பு இதை எடுத்து நடத்தியது. ஜார்ஜியா மாநிலத்தின் டார்செஸ்டர் மையத்துக்கு ஊர் ஊராக ஆட்கள் வந்து, தங்கி, பயிற்சி பெற்றார்கள். விவசாயிகள், தையல்காரர்கள், சமையல் வேலை செய்தவர்கள் என்று சாதாரண மக்கள். செலவை அமைப்பு ஏற்றது. அவர்கள் திரும்பிப் போய்த் தங்கள் ஊரில் பள்ளி தொடங்கினார்கள். ஓட்டுரிமைப் போராட்டத்தின் அடித்தளம் அந்தப் பின்னறை வகுப்புகளில்தான் போடப்பட்டது.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. சொல்லிக்கொடுப்பவர் அந்த மக்களிலிருந்தே வர வேண்டும். வந்தவரை வெறுங்கையோடு வகுப்புக்கு அனுப்பக் கூடாது.

நம் முன்னோரும் இதை அறிந்திருந்தார்கள். சாவித்திரிபாய் புலே ஆசிரியர் பயிற்சி பெற்ற பிறகே கற்பிக்கப் போனார். 1855-ல் புலே தம்பதியினர் பகலில் உழைப்பவர்களுக்காக இரவுப்பள்ளி நடத்தினார்கள். சென்னையில் 1894-ல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளிகள் தொடங்க கர்னல் ஆல்காட்டோடு அயோத்திதாசப் பண்டிதர் துணை நின்றார். எம்.சி.ராஜா ஆசிரியர் வேலை பார்த்தவர், பாடநூல் எழுதியவர். சுவாமி சகஜானந்தா 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். பள்ளி வேண்டும் என்று கேட்டதோடு இவர்கள் நிற்கவில்லை. யார் சொல்லிக்கொடுப்பது, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதையும் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

சட்டத்தில் இடம் இருக்கிறது

வயதுவந்தோர் கல்வி ஆசிரியருக்குப் பயிற்சி கேட்பது புதிதாக ஏதோ சலுகை கேட்பதல்ல. ஆசிரியர் கல்வியை ஒழுங்குபடுத்த 1993-ல் வந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ‘ஆசிரியர் கல்வி’ என்றால் என்ன என்று விளக்கும் பிரிவிலேயே பள்ளிக் கல்வியோடு முறைசாராக் கல்வியும் வயதுவந்தோர் கல்வியும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. 30 ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சொல் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. கிராமத்து மையம் வரைக்கும் அது இறங்கி வரவில்லை.

தேசியக் கல்விக் கொள்கை 2020-ன் மற்ற பகுதிகள் பற்றி நமக்கு ஆயிரம் எதிர்ப்பு உண்டு. அந்த ஆவணமே பள்ளி ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில் வளர்ச்சிப் பயிற்சி வேண்டும் என்கிறது. வயதுவந்தோர் கல்வி மையப் பயிற்றுநர்களுக்கு மாநில, மாவட்ட நிறுவனங்கள் பயிற்சி தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அவர்களுக்கு எத்தனை மணி என்று எண் போடவில்லை. ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு 2015-ல் வயதுவந்தோர் கல்வி பற்றி ஏற்றுக்கொண்ட பரிந்துரையும் கற்பிப்பவரின் பயிற்சி, பணிநிலை இரண்டையும் மேம்படுத்தச் சொல்கிறது. காகிதத்துக்குக் குறைவில்லை.

கொள்கையில் என்ன இருக்க வேண்டும்?

தமிழ்நாடு அரசு தனக்கென்று ஒரு கொள்கை எழுதட்டும். அதில் குறைந்தது இவை இருக்க வேண்டும்.

முதலாவது, பெயர். ‘வயதுவந்தோர் கல்வி ஆசிரியர்’ என்று அங்கீகாரம், அடையாள அட்டை. தன்னார்வலர் என்ற சொல், கேட்க உரிமையில்லாதவர் என்ற பொருளில் பயன்படுகிறது.

இரண்டாவது, நேரம். வகுப்பு தொடங்கும்முன் ஐந்து நாள் நேரடிப் பயிற்சி. பிறகு மாதம் ஒருநாள் வட்டார அளவில் கூடிப் பேசும் அமர்வு. மொத்தத்தில், பள்ளி ஆசிரியருக்குச் சொன்ன அதே 50 மணி நேரம் ஆண்டுக்கு. காணொலி துணைக்கு இருக்கட்டும். ‘எங்கள் மையத்தில் இப்படி ஆகிவிட்டது, என்ன செய்வது?’ என்ற கேள்விக்குக் காணொலி பதில் சொல்லாது.

மூன்றாவது, பாடம். பெரியவர்கள் கற்கும் முறை, மரியாதைச் சொற்கள், சாதியும் தீண்டாமையும் வகுப்பறையில் தலைகாட்டும் விதம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், மனு எழுதுவது, ஏடிஎம் சீட்டு படிப்பது, கண்பார்வைச் சோதனை. பெண்கள் வராமல் போவதற்கு வீட்டில் இருக்கும் காரணங்கள்.

நான்காவது, பயிற்றுநர். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவன விரிவுரையாளர்கள் வரட்டும். அவர்களோடு, மையம் நடத்திப் பழகிய காலனிப் பெண்களும் கருத்தாளர்களாக உட்கார வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் வயதுவந்தோர் கல்விக்கென்றே துறைகள் உள்ளன. அந்தத் துறைகளின் அறிவு வட்டார வள மையம் வரை வர வேண்டும்.

ஐந்தாவது, பணம். மாத மதிப்பூதியம். பயிற்சி நாளுக்குக் கூலி ஈடும் பஸ் கட்டணமும் தனி. ஒருநாள் பயிற்சிக்குப் போனால் ஒருநாள் கூலி போய்விடும் பெண்ணை இலவசமாக வரச்சொல்லக் கூடாது. கைக்குழந்தையோடு வருபவருக்குப் பயிற்சி இடத்திலேயே குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு.

ஆறாவது, ஏணி. பயிற்சிக்கும் கற்பித்த மணி நேரத்துக்கும் சான்றிதழ். அந்தச் சான்றிதழ் மேற்படிப்பில் மதிப்பெண்ணாக ஏற வேண்டும், அங்கன்வாடி போன்ற வேலைகளில் முன்னுரிமையாக எண்ணப்பட வேண்டும். இரண்டு ஆண்டு கற்பித்த பெண் அதற்கு மேல் எங்கே போகலாம் என்று தெரிந்தால்தான் மூன்றாம் ஆண்டும் இருப்பார்.

ஏழாவது, பாதுகாப்பு. சாதி காரணமாக மையத்தை நடத்தவிடாமல் செய்தால் ஒன்றிய அளவில் யார் பொறுப்பு, எத்தனை நாளில் நடவடிக்கை என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். 2024-ல் தமிழ்நாடு சட்டமன்றம் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்கி, அதை அவர்களுக்கே செலவிட வேண்டும் என்பது அதன் நோக்கம். காலனிகளில் வயதுவந்தோர் கல்வி ஆசிரியர்களை உருவாக்குவதைவிட அந்த நிதிக்குப் பொருத்தமான செலவு எது?

‘காசு கொடுத்தால் சேவை மனப்பான்மை கெட்டுவிடும்’ என்ற வாதமும் வரும். சேவை மனப்பான்மை எங்கள் பெண்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் கூலியில்லாமல் வேலை வாங்குவதற்கு நம் ஊரில் வேறொரு பெயர் உண்டு. வெட்டி வேலை என்பார்கள். அதை ஒழிக்கத்தான் மூன்று தலைமுறை போராடினோம். படித்த பிள்ளைகளிடம் அதையே வேறு பெயரில் வாங்க வேண்டாம்.

யார் எழுதுவது?

நடப்புத் திட்டம் 2026-27 நிதியாண்டோடு முடிகிறது. அடுத்தது என்ன என்பதை எங்கோ ஓர் அறையில் சிலர் எழுதுவார்கள். இரவு ஏழு மணிக்குக் காலனித் தெருவிளக்கின்கீழ் சொல்லிக்கொடுத்தவர் அந்த அறையில் இருக்க மாட்டார். இதுவரை அப்படித்தான் நடந்தது. ஆகவேதான் ஒவ்வொரு திட்டத்திலும் அதே ஓட்டை.

மாநில, மாவட்டக் குழுக்களில் களத்தில் கற்பித்தவர்களுக்கு இடம் வேண்டும். அவர்களில் பாதிப் பேராவது பெண்களாகவும், பட்டியல் சாதி, பழங்குடியினர் தங்கள் எண்ணிக்கைக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். படித்து முடித்தவர்களும் வர வேண்டும். எது புரிந்தது, எது புரியவில்லை, ஏன் நடுவில் நின்றோம் என்று சொல்ல அவர்களைவிடத் தகுதியானவர் யார்?

அதுவரை காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நம் ஊராட்சியில் கற்போர் மையம் இருக்கிறதா, எத்தனை பேர் படிக்கிறார்கள், சொல்லிக்கொடுப்பவருக்கு எத்தனை நாள் நேரடிப் பயிற்சி தரப்பட்டது என்று கேளுங்கள். ‘வயதுவந்தோர் கல்வி ஆசிரியருக்குப் பயிற்சியும் மதிப்பூதியமும் வேண்டும்’ என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நாட்டு நலப்பணித் திட்டத்திலோ வேறு வழியிலோ நீங்கள் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனால் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். யார் எந்த எழுத்தில் தடுமாறினார், எந்தச் சொல்லைக் கேட்டதும் முகம் மலர்ந்தது, யார் ஏன் வராமல் போனார் என்று தேதி போட்டு எழுதுங்கள். பட்டப்படிப்பு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுபவர்கள் உங்கள் ஒன்றியத்தில் சாக்‌ஷர் பாரத் காலத்து ஊக்குநர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். அறிவொளித் தொண்டர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய அனுபவம் அவர்களோடு போய்விடக் கூடாது. நாளைக்குக் கொள்கை எழுதுபவர்கள் முன்னால் வைக்க நம்மிடம் ஆதாரம் வேண்டும். அந்த நோட்டுகள்தான் ஆதாரம்.

களை எடுத்த கையோடு வந்து உட்காரும் அந்த அம்மாவுக்கு நேரம் குறைவு. அவர் வாரத்தில் நான்கு நாள் வந்தாலே பெரிது. வரும் நான்கு நாளும் வீணாகாமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஒருவரை உருவாக்கும் பொறுப்பு அரசுக்கு இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பு நமக்கு.